கோல்டு விங்கில் கார் டயர்: மூன்று ஆண்டுகள், 31,000 மைல்கள்

ஹூஸ்டனில் பைக் வைத்திருப்பவனுக்கு வளைவு என்பது விருந்தாளி மாதிரி. எப்போதாவதுதான் வரும். ஐ-10 நெடுஞ்சாலை டெக்சாஸ் எல்லைக்குள் மட்டுமே சுமார் 1,400 கி.மீ. ஓடுகிறது, அதில் பெரும்பகுதி அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். அந்தச் சாலையில் ஹோண்டாவின் கனமான நெடும்பயண பைக்கான என் 2012 கோல்டு விங்கின் பின் டயர் ஒன்பதாயிரம் மைலில் நடுவில் மொட்டையாகிவிடும். இரண்டு ஓரங்களிலும் பட்டன் புதிதுபோல அப்படியே நிற்கும். பாதி டயரைத் தூக்கியெறிகிறோமே என்ற வயிற்றெரிச்சல் இரண்டாவது முறை தாங்கவில்லை.

பின் சக்கரத்தில் கார் டயர் போடுவதை இங்குள்ளவர்கள் ‘டார்க் சைடு’ என்று விளையாட்டாகச் சொல்வார்கள். கோல்டு விங்கில் அந்த ஆசை எளிதில் வரும். பின் சக்கரம் காரைப் போலவே ஐந்து நட்டுகளில் நிற்கிறது, சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் என்ற கை ஒரு பக்கம் மட்டுமே. நிறுவனம் சொல்லும் அளவு 180/60 ஆர்16, உயரம் சுமார் 622 மி.மீ. 195/55 ஆர்16 கார் டயரின் உயரம் 621 மி.மீ. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. எடை தாங்கும் குறியீடு பைக் டயரில் 74, அதாவது 375 கிலோ. கார் டயரில் 87, அதாவது 545 கிலோ. நானூறு கிலோவைத் தாண்டிய வண்டியில் மனைவியையும் மூட்டைகளையும் ஏற்றுகிறவனுக்கு இந்த எண் கண்ணைப் பறிக்கும்.

கணக்கில் வராத ஒன்று உண்டு. டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் வடிவம் காருக்கு வேறு, பைக்குக்கு வேறு. டயர் நிறுவனங்கள் இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. நான் போன முதல் கடையில் சக்கரத்தைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். அன்று கோபம் வந்தது. இன்று யோசித்தால், அவர்கள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன். கடைசியில் ஒரு நண்பரின் கராஜில் மாட்டினோம். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும்படி பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும் ரன்-ஃபிளாட் வகையைத்தான் எடுத்தேன், சாதாரண கார் டயரின் பக்கச்சுவர் சாயும்போது அதிகம் நெளியும் என்பதால்.

பியர்லாந்து மீனாட்சி கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டபோதே வித்தியாசம் தெரிந்துவிட்டது. முன் சக்கரத்தின் எலுமிச்சம்பழம் பிதுங்கி ஓரமாக நழுவியது. பின் சக்கரத்தினுடையது அப்பளமாகிவிட்டது.

நேர்ச்சாலையில் குறை சொல்ல எதுவுமில்லை. பைக் டயரில் 41 பிஎஸ்ஐ காற்று வைத்த நான் இதில் 34 வைத்தேன். பாலங்களின் இணைப்புகளில் வந்த குத்து பாதியாகக் குறைந்தது. ஹூஸ்டன் மழையில், நின்ற தண்ணீரில்கூட, பின் சக்கரம் ஒருமுறையும் வழுக்கவில்லை.

வளைவுதான் விஷயம். பைக் டயரின் முகம் உருண்டை, வண்டி சாயச் சாய அதுவும் உருண்டு கொடுக்கும். கார் டயரின் முகம் தட்டை. சாய்த்தால் ஓரத்தில் ஏறி நிற்கிறது, நிமிரவே பார்க்கிறது. அதனால் வளைவு முடியும்வரை ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன் டயர் ஒன்று சொல்ல, பின் டயர் வேறொன்று சொல்லும். முதல் 200 மைல் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதைத் திறமை என்று எடுத்துக்கொண்டது என் தவறு. சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தாலும், லாரிகள் அழுத்திய பள்ளத்தடம் இருந்தாலும், வண்டி அதன் போக்கில் இழுக்கும். வீட்டு வாசல் சரிவில் குறுக்காக ஏறும்போது, மெதுவான வேகத்திலேயே இரண்டு முறை கால் ஊன்றித்தான் தப்பினேன்.

மூன்றாம் ஆண்டில் சான் அன்டோனியோவுக்கு மேற்கே லேக்கி ஊருக்குப் போனோம். 335, 336, 337 என்ற மூன்று மலைச்சாலைகளை அங்கே ‘ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்’ என்பார்கள். 337-இல் ஓட்டி முடித்தபோது தோள்பட்டை மரத்துப்போயிருந்தது. உடன் வந்தவர் அதே மாடல் வண்டியில், வழக்கமான டயரோடு வந்திருந்தார். பத்து மைலுக்கு வண்டிகளை மாற்றிக்கொண்டோம். நினைத்த பக்கம் தானாகச் சாய்ந்தது அவருடைய வண்டி. மூன்று ஆண்டுகளாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. என் வண்டியிலிருந்து இறங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை, சாவியை மட்டும் சீக்கிரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

31,000 மைலில் ஒரு பஞ்சர்கூட இல்லை. எட்டு மி.மீ. பட்டனில் இன்னும் மூன்று மிச்சம். அப்படியிருந்தும் கழற்றிவிட்டேன். விபத்து நடந்தால் பணம் தருவீர்களா என்று கேட்டதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து நேரடிப் பதில் வராததும் ஒரு காரணம். நேர்ச்சாலையே கதி என்று கனமான வண்டி ஓட்டும் அனுபவசாலி இதைத் தேர்ந்தெடுத்தால் எனக்குப் புரியும். எடை குறைந்த வண்டிக்கும், ஓட்டப் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் வேண்டவே வேண்டாம். மிச்சமான பணமும் பெரிதல்ல, இரண்டு டயர் விலைக்குச் சற்று மேல்.

புது பைக் டயரோடு முதல் பயணம் போய் வந்த அன்று மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். “என்னங்க, அந்தக் கார் டயரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?”