புதுச்சேரியில் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பு: ‘நான்தான்’ என்பதில் உள்ள ‘தான்’

சென்ற ஆண்டின் அலுவலக மதிப்பீட்டில் என் வேலையைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியிருந்த மேலாளர், கடைசி வரியில் ‘பேசும் முறையில் பணிவு தேவை’ என்று சேர்த்திருந்தார். கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் நான். அந்த வரிக்குப் பேச்சுவழக்கில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்: திமிர். அதைத் திருத்திக்கொள்ளப் போகிறேனா, அல்லது ‘உங்கள் மேல் தவறில்லை’ என்று யாராவது சொல்லக் கேட்கப் போகிறேனா என்பது விளங்காமலேயே, புதுச்சேரியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. மொத்தமே 14 பேர்தான் படித்தோம். பெயரைச் சொன்னால் உடன் படித்தவர்களை எளிதாக அடையாளம் கண்டுவிடலாம்.

எட்டு வாரங்கள், காலை 10 மணி முதல் 1 மணி வரை, கட்டணம் 4,500 ரூபாய். மிஷன் வீதியை ஒட்டிய ஒரு மாடி அறையில் நடக்கிறது. காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடும் நாள் என்பதால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கடலூரிலிருந்து வருபவர்கள் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாக வரும் பேருந்தை நம்புவது நல்லது, ஆனால் அரியாங்குப்பத்து நெரிசலுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அறையில் குளிர்சாதனம் வேலை செய்கிறது, ஒலிவாங்கி பாதி நேரம் செய்வதில்லை.

இந்த வகுப்பின் சிறந்த பகுதி இரண்டாம் வாரத்தில் வருகிறது. அவரவர் வேலையில் சாதித்த ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதைக் கைபேசியில் பதிவு செய்து, பின்னர் ஒரு சொல் விடாமல் நாமே தாளில் எழுத வேண்டும். ஓர் அளவீட்டுக் கருவியின் பிழையைக் கண்டறிந்ததைப் பற்றி நான் பேசியிருந்தேன். என் தாளை வாங்கிப் பார்த்த பயிற்றுநர், “அத நான்தான் கண்டுபிடிச்சேன்” என்ற வரியில் இருந்த ‘தான்’ என்பதை மட்டும் வட்டமிட்டார். அவர் விளக்கியதன் சாரம் இது. தமிழில் ‘கண்டுபிடித்தேன்’ என்று வினைமுற்றைச் சொன்னாலே கண்டுபிடித்தது யார் என்பது அதன் விகுதியில் தெரிந்துவிடுகிறது. ‘நான்’ என்று தனியே சொல்வதே ஓர் அழுத்தம். அதற்கு மேல் ‘தான்’ சேரும்போது அந்த அறையில் இருக்கும் மற்ற அனைவரும் ‘கண்டுபிடிக்காதவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். நான் என்னைப் பற்றி மட்டுமே பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; கேட்டவர்களோ நான் அவர்களைப் பற்றியும் பேசியதாகக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்குத் துணையாக அவர் ஓர் ஆய்வையும் எடுத்துச் சொன்னார். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் வேரா ஹூரன்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, ‘நான் நல்லவன்’ என்று சொல்லிக்கொள்பவரை மக்கள் அவ்வளவாக வெறுப்பதில்லை. ‘மற்றவர்களைவிட நான் நல்லவன்’ என்பவரைத்தான் வெறுக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த ஒப்பீட்டைச் சொல்லத் தனிச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. நமக்கு அந்த இரண்டெழுத்து இடைச்சொல் போதும், வாயிலிருந்து நழுவியதை நாமே கவனிப்பதில்லை. நேர்காணலுக்காக ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த தற்பெருமை வாக்கியங்களை அப்படியே தமிழில் சொல்பவர்கள் ஏன் சகிக்க முடியாதவர்களாகத் தோன்றுகிறார்கள் என்பதும் எனக்கு அன்று பிடிபட்டது: வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நான்’.

(இடையில் ஒன்று. திமிரைச் சொல்ல நம்மிடம் கொழுப்பு, மண்டைக்கனம், தலைக்கனம், செருக்கு, வாய்த்துடுக்கு என்று ஒரு மளிகைப் பட்டியலே இருக்கிறது. ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் அன்றாடப் பேச்சில் பாராட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது புத்தகக் கடையில் இருக்கும் சொல்.)

நான்காம் வாரம் வகுப்பின் பலமும் பலவீனமும் ஒரே பயிற்சியில் வெளிப்பட்டன. பயிற்றுநர் ஒரு பத்தியை இருவரிடம் கொடுத்து அடுத்தடுத்துப் படிக்கச் சொன்னார். ஒருவர் ஐம்பது வயதைக் கடந்த வங்கி அலுவலர், மற்றொருவர் கல்லூரி மாணவி. சொற்கள் ஒன்றே, ‘நான்தான்’ எதுவும் அதில் இல்லை. கேட்ட நாங்கள் மனத்தில் தோன்றியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அலுவலருக்கு வந்த சீட்டுகளில் ‘அனுபவசாலி’, ‘தெளிவு’, ‘கம்பீரம்’ என்றும், மாணவிக்கு வந்தவற்றில் ‘கொஞ்சம் ஓவர்’, ‘வயதுக்கு மீறிய பேச்சு’ என்றும் இருந்தன. என் சீட்டிலும் ‘இன்னும் பணிவு வேண்டும்’ என்றே எழுதியிருந்தேன். மேலாளர் என்னைப் பற்றி எழுதிய அதே சொல் என்பது கையெழுத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அந்த மாணவி எழுந்து, “சார், நான் எதுவும் சேத்துப் பேசலையே, தாள்ல இருந்ததத்தானே படிச்சேன்?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்லும் பெண்கள் திறமைசாலிகளாக மதிக்கப்பட்டாலும் விரும்பப்படுவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் லாரி ரட்மன் 1998-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்தப் பயிற்சியை வடிவமைத்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் சொன்ன பதில், “நீங்க இன்னும் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே படிச்சிருக்கலாம்மா” என்பதுதான். சீட்டு எழுதிய எங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. பேசுபவரின் சொல்லில் உள்ள குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த வகுப்புக்குக் கேட்பவரின் காதில் உள்ள குறையைக் கண்டுபிடிக்க மனமில்லை. கட்டணம் செலுத்தியவர் பேசுபவர் என்பதால் திருத்தமும் அவருக்கே போய்ச் சேருகிறது.

ஐந்தாம் வாரத்திலிருந்து தரம் இறங்குகிறது. பேசப் போகும் முன் இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் நிமிர்ந்து நின்றால் உடலின் சுரப்புகளே (ஹார்மோன்களே) மாறித் தைரியம் வரும் என்று கற்பிக்கிறார்கள். 2010-இல் இதைச் சொன்ன ஆய்வை 2015-இல் 200 பேரிடம் மறுபடி செய்து பார்த்தபோது சுரப்புகளில் அந்த மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே 2016-இல் அதில் தனக்கு இனி நம்பிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மனத்தை மூடிக்கொள்வதன் அடையாளம் என்று அச்சிட்ட கையேட்டில் இருக்கிறது. நம் ஊரில் ஆசிரியர் முன் கைகட்டி நிற்பதற்கு வேறு பொருள் என்பதைக் கையேட்டைத் தமிழாக்கியவர் யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய விடுபடல், உட்காரும் முறை பற்றிய பாடம். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இயல்பாக அமரலாம் என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞர், தன் ஊரில் பெரியவர்கள் முன் அப்படி உட்கார்ந்தால் வீட்டுக்கு ஆள் வரும் என்றார். சிலர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. தோளில் துண்டு போடுவதும், ஊர்த்தெருவில் செருப்புடன் நடப்பதும் சாதியின் பெயரால் ஒரு சாராருக்கு மறுக்கப்பட்டிருந்த நாட்டில், அவற்றைச் செய்தவருக்குச் சூட்டப்பட்ட பெயரும் திமிர்தான். 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கம் அதற்கு வேறொரு பெயர் கொடுத்தது: சுயமரியாதை. எட்டு வாரங்களில் தன்னம்பிக்கை என்ற சொல்லை நூறு முறையாவது கேட்டிருப்பேன், சுயமரியாதை என்ற சொல்லை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பயிற்றுநர் அந்த இளைஞரிடம் “அதெல்லாம் மைண்ட்செட்” என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

சுவரில் ‘அவையஞ்சாமை’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். குறளில் அது 73-ஆம் அதிகாரம். அதற்கு முந்தையது ‘அவையறிதல்’. அந்த 72-க்கு இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கியிருந்தால், 4,500 ரூபாயைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இருந்திருக்காது.

எனக்குப் பயன் இல்லாமல் போகவில்லை. வகுப்பு முடிந்த மாதம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், “அளவீட்டுல பிழை தெரியுது, மறுபடி எடுத்துப் பாத்தும் அதே எண்தான் வருது” என்று சொன்னேன். ‘தான்’ இந்த முறை எண்ணோடு போய் ஒட்டிக்கொண்டது. கருவியைப் பற்றிக் கேள்விகள் வந்தன, என்னைப் பற்றி வரவில்லை.

முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும் 2,500 ரூபாய் செலுத்திச் சேரலாம் என்பது எனக்கு ஆறாம் வாரத்தில் தற்செயலாகத் தெரிய வந்தது. விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை, அலுவலகத்தில் கேட்டால் மறுப்பதுமில்லை. சேருபவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.