வளவு வேம்பைப் பலகையாக்கி: சில மாரிகளுக்குப் பிறகு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு வேம்பு மதிலைத் தள்ளத் தொடங்கியதால் தறிக்க வேண்டியதாயிற்று. விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அரிந்து, உலர்த்தி, சீப்பு, அகப்பை, பல்லாங்குழி, மூடி போட்ட சின்னப் பெட்டி என்று இன்றுவரை அந்த மரத்தில்தான் வேலை ஓடுகிறது.

அனுமதி விஷயம் முதலில். பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி தறிக்கவே அனுமதி வேண்டும். வேறு மரமென்றாலும் குற்றியை லொறியில் ஏற்றுமுன் பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள். வழியில் மறித்தால் கதை நீளும்.

மரம் அரியும் ஆலைக்காரர்களுக்கு வளவு மரம் பிடிக்காது. கொடி கட்ட அடித்த ஆணியை மரம் விழுங்கி வைத்திருக்கும். வாள் அதில் பட்டால் பல் போய்விடும். கிண்ணியாவிலிருந்து வந்த ஓடாவியார் (தச்சர்) குற்றியின் வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கருநீலக் கறை தெரியுதா? உள்ளுக்க இரும்பு இருக்கு" என்றார். அந்த முழத்தைத் துண்டித்து விறகுக்குப் போட்டோம். மீதியை இரண்டங்குலக் கனத்தில் அரிந்தது. கைவேலைக்கு அதுதான் வசதி. மெல்லிய பலகை முறுகினால் சீவித் தள்ளிய பின் மிஞ்ச ஒன்றும் இருக்காது.

இனி உலர்த்தல். திருகோணமலை வெயிலுக்கு மரம் தானாகக் காயும் என்பார்கள். காயும்தான், வெடித்துக் காயும். வைகாசிக்குப் பிறகு வீசும் கச்சான் காற்று பலகையின் மேற்பரப்பை உறிஞ்சிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெட்டுமுகம் வழியாக நீர் இன்னும் வேகமாக வெளியேறுவதால் இரண்டு நுனிக்கும் அரிந்த அன்றே பழைய எனாமல் பெயின்ற் பூசினோம். பிறகு சீமெந்துக் கல் மேல், தகரத்துக்குக் கீழே, பலகைகளுக்கு இடையே ஒரே கனச் சலாகைத் துண்டுகளை ஒன்றுக்கு நேர்மேல் ஒன்றாக வைத்து அடுக்கு. கச்சான் வரும் பக்கத்தில் மட்டும் சாக்கு மறைப்பு. உச்சியில் பாரக் கல்.

பச்சை மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 வீதத்துக்கு இறங்கும்வரை மரம் சுருங்காது. ஆகவே ஆரம்பத்தில் எல்லாம் நல்லாய்த்தான் தெரியும். வெடிப்பும் வளைவும் அதற்குப் பிறகுதான், சாக்கை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஈரமானி வாங்க வேண்டியதில்லை. ஒரு துண்டை ஒதுக்கி மளிகைத் தராசில் அவ்வப்போது நிறுத்தால் போதும். எடை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றால் சரி.

நின்ற எடை மாரியில் ஈரம் குடித்து மறுபடி ஏறும். இந்தக் கடற்கரையில் அதைத் தடுக்க முடியாது. கச்சான் காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய பெட்டி மூடி மார்கழியில் அசையாது. அதனால் வெயில் காலத்தில் செய்யும் மூடிக்குக் கொஞ்சம் இடைவெளி விடுகிறேன். இழுப்பறைக்கும் அதே கணக்குத்தான்.

வேலை செய்ய வேம்பு லேசான மரமில்லை. நார் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும். சீவுளி ஒரு சாண் தூரம் வழுக்கிப் போய், அடுத்த விரற்கடையில் நாரைப் பிய்த்தெடுக்கும். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினால்தான் முகம் வழுவழுப்பாகிறது. தச்சர்களின் பழைய வழி அது, சாண்ட் பேப்பர் செலவும் குறைவு. தூள் மூக்கை அரிக்கும், முகக்கவசம் கட்டாயம். வயிரத்தின், அதாவது உள்மரத்தின், செம்மை எண்ணெய் பட்டதும் மெருகேறும், அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

வயிரம் இதுவரை ஒரு துளைகூட விழாமல் நிற்கிறது. பட்டைக்கு அடுத்த வெளிர்மரமான வெளிறு அப்படியில்லை. வெளிறு கலந்த அகப்பைக் காம்புகளின் கீழே மா போலத் தூள் கொட்டுகிறது, உளுத்துவிட்டது. வேம்பென்றால் பூச்சி அண்டாது என்ற பேச்சு வயிரத்துக்கு மட்டும்தான் சரி. வெளிறு விழும் பக்கத்தை இப்போது அரியும்போதே கழித்துவிடுகிறேன்.