இரண்டரை அங்குலச் சைலன்சர் செற்: கொரோலா 121க்குப் பூட்டலாமா?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கப் பட்டறைகளில் இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் பைப், நேர்த்துளைச் சைலன்சர், நச்சுப் புகையைச் சுத்தமாக்கும் கன்வேட்டர் இருந்த இடத்தில் வெறும் பைப் துண்டு என்று முழுச் செற்றாகப் பூட்டித் தருகிறார்கள். ஆள் பார்த்துச் செய்தால் வெல்டிங் சுத்தமாகவே இருக்கும். ஆனாலும் கொரோலா 121 போன்ற ரேர்போ இல்லாத 1500 சிசி பெற்றோல் கார்களுக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

பாக் பிரஷர், அதாவது புகை வெளியேறத் தடைபட்டு எஞ்சின் பக்கம் சேரும் அழுத்தம், எஞ்சினுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை, அது குறைவது நல்லதுதான். சிக்கல் புகையின் வேகத்தில் இருக்கிறது. உறிஞ்சு வால்வும் வெளியேற்று வால்வும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும்போது, வேகமாக ஓடும் புகை சிலிண்டரில் மிஞ்சியதையும் இழுத்துக்கொண்டு போகும். பைப் பெருத்தால் வேகம் விழும், இழுப்பும் விழும். இரண்டரை அங்குலத்தின் பரப்பு, இந்தக் காருக்குப் போதுமான ஒன்றே முக்கால் அங்குலத்தைப்போல இரண்டு மடங்கு, அதனால் அதே புகை பாதி வேகத்தில்தான் நகரும். சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் மனிபோல்ட்டிலிருந்து முன்பைப் வரை இந்தப் பாதிப்பு அதிகம். பின் சைலன்சருக்கு அப்பால் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் மாறும். இழுவை குறைவது 1500 முதல் 2500 ஆர்.பி.எம்முக்குள் தெரியும். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியை விட்டுக் கிரவல் றோட்டில் இறங்கி, ஆட்களையும் நெல் மூட்டையையும் ஏற்றி ஓடுகிறவருக்கு வேண்டியதே அந்த இழுவை.

அளவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.2 கன அடி ஓட்டம், ஒரு சதுர அங்குலப் பரப்பு 115 கன அடியை விடும் என்பது பைப் வேலைக்காரர் பாவிக்கும் கணக்கு. கொரோலா 121இன் 1.5 எஞ்சின் 109 குதிரைவலு. 240 கன அடி வருகிறது, அதற்கு 2.1 சதுர அங்குலம், உள்விட்டம் 1.63 அங்குலம். 1.5 மி.மீ. தகட்டில் ஒன்றே முக்கால் அங்குலப் பைப்பின் உள்விட்டம் சரியாக அதுதான். இரண்டு அங்குலம் போட்டால் தாராளம். ரேர்போ டீசல் வாகனம் வேறு கதை. ரேர்போவுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, இரண்டரை அங்குலப் பைப்பை அங்கே தயங்காமல் போடலாம்.

வாங்குவதென்றால் வளைவுகளைத் தடவிப் பாருங்கள். வளைவு சப்பையாகி உள்பக்கம் மடிந்திருந்தால் வெளியே எத்தனை அங்குலம் என்பதில் அர்த்தமில்லை. நசுங்காமல் வளைக்கும் மெசின் இல்லாத இடத்தில், ஆயத்த வளைவுகளை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். நெகிழ் பைப்பை வெட்டிவிட்டு நேர்ப்பைப்பை ஒட்ட விடவே கூடாது. எஞ்சின் ஆடும்போது அந்த ஆட்டம் முழுவதும் மனிபோல்ட்டில் இறங்கி அதில் வெடிப்பு விழும், கிரவல் றோட்டில் இன்னும் கெதியாக விழும். வெல்டிங் தொடங்க முன் பற்றரி மைனஸைக் கழற்றி, புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரின் வயரையும் பிடுங்க வேண்டும். சென்சருக்கு முன்னால் ஊசித்துளைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். காற்று மிஞ்சிவிட்டது என்று எண்ணி எஞ்சின் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். பூட்டியபின் எஞ்சின் சூடாக முன் ஸ்டார்ட் செய்து, வால் பைப்பைத் துணியால் பொத்தி, ஒட்டுகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

கன்வேட்டரைக் கழற்றும் பகுதிதான் இந்தச் செற்றின் மோசமான பகுதி. எஞ்சின் லைட் எரியலாம், நச்சுப் புகை கூடும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டுப்படலாம்.

காசு கொடுக்க முன் பழைய பைப்பில் பாக் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். முன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அந்த 18 மி.மீ. புரியில் குறைந்த அளவு காட்டும் பிரஷர் கேஜைப் பூட்ட வேண்டும். கார் நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது 1.5 பி.எஸ்.ஐக்குள்ளும், 2500 ஆர்.பி.எம்மில் 3 பி.எஸ்.ஐக்குள்ளும் நின்றால் பைப்பில் தடையில்லை. அப்படியும் இழுவை குறைவென்றால் எயார் பில்ரர், பிளக், கொம்பிரஷன் பக்கம் போங்கள். கூடினால் கன்வேட்டருக்குப் பின்னாலுள்ள இணைப்பைத் தளர்த்தி மறுபடி அளக்க வேண்டும். இறங்கினால் அடைப்புச் சைலன்சர் பக்கம். இறங்காவிட்டால் கன்வேட்டர் அடைத்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும்.