சேலம் கன்னங்குறிச்சி பக்கம் மனை பார்க்கிறவர்களுக்கு: "வசதி போதும்" என்ற அறிக்கையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

சேர்வராயன் மலையடிவாரத்தில் 10 ஏக்கர் விவசாய நிலம். "குடியிருப்புப் பகுதியா மாத்த பைல் போயாச்சு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வந்ததும் பத்திரம்" என்று சொல்லி 200 மனைகளுக்கு முன்பணம் வாங்கிவிட்டார்கள். நம்பிக்கைக்கு ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட 4 பக்க அறிக்கை. தண்ணீர், சாலை, மழைநீர், மின்சாரம் எல்லாமே "போதுமானது" என்று அதில் இருக்கிறது. பணம் கட்டியவர்கள் சரிபார்க்கச் சொல்லி அதை எங்களிடம் கொண்டுவந்தார்கள். முன்பணமோ இன்னும் திரும்பி வரவில்லை. இதே மாதிரி அறிக்கை உங்கள் கைக்கும் வரலாம் என்பதால் எழுதுகிறோம்.

முதல் கோளாறு ஆள் கணக்கு. மனைக்கு ஒரு குடும்பம், 4 பேர் என்று வைத்து 800 பேர் என்கிறார்கள். சேலத்தில் 1,200 சதுர அடி மனையில் கீழே ஒரு வீடும் மேலே வாடகைக்கு ஒரு வீடும் கட்டுவதுதான் வழக்கம். அப்படியானால் 1,600 பேர். தலைக்கு 135 லிட்டர் என்ற அளவில் ஒரு நாளைக்கு 2,16,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அறிக்கையில் அதில் பாதிதான் இருக்கிறது.

அந்தப் பாதியாவது வருமா? "150 மீட்டரில் குடிநீர்க் குழாய் செல்கிறது" என்று ஒரு வரி. வால்வு தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது 90 மி.மீ. பிவிசி குழாய். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அதில் நொடிக்குச் சுமார் 5.5 லிட்டர்தான் போகும். இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் ஏறக்குறைய 40,000 லிட்டர். அதுவும் வழியில் ஒரு வீட்டுக்கும் கொடுக்காமல் மொத்தத்தையும் இங்கேயே விட்டால்! குழாய் பக்கத்தில் போவது வேறு, அதில் நமக்குத் தண்ணீர் மிச்சம் இருப்பது வேறு.

மேல்நிலைத் தொட்டியிலும் இதே பூச்சுதான். தொட்டியின் கொள்ளளவை எழுதிவிட்டு, அது ஒரு நாளில் எத்தனை முறை நிரம்புகிறது, ஏற்கெனவே எத்தனை இணைப்புகள் என்பதை விட்டுவிட்டார்கள். அதைவிட முக்கியமானது, அதே தொட்டியை நம்பி அனுமதி வாங்கி இன்னும் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகள். அவர்கள் பங்கைக் கழித்த பிறகுதான் மிச்சம் எவ்வளவு என்று பேச முடியும்.

கழிவுநீர் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகும், அதாவது தினம் 1,72,800 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் இது செப்டிக் டேங்க் வழியாக மண்ணுக்குள்தான் இறங்கும். போர்வெல்லும் அதே மண்ணில்தான் போடப்போகிறார்கள்.

எங்களுக்கு மிகவும் கோபம் வந்தது மழைநீர்ப் பக்கத்தைப் பார்த்துத்தான். ஆண்டு மழையை 365 நாளுக்குப் பங்கிட்டு "வடிகால் போதும்" என்று முடித்திருக்கிறார்கள். வடிகாலை உடைப்பது ஒரு மணி நேரப் பெருமழை. மணிக்கு 50 மி.மீ. மழை என்று வையுங்கள். இந்த 10 ஏக்கர் (சுமார் 4 ஹெக்டேர்) உழுத நிலத்தில் பெரும்பகுதி மண்ணில் இறங்கிவிடும், நொடிக்குச் சுமார் 110 லிட்டர்தான் வெளியேறும். அதே இடத்தில் கான்கிரீட்டும் தார்ச்சாலையும் வந்தால் கிட்டத்தட்ட 390 லிட்டர். இதற்கு மேல் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் தனி. அது மூக்கனேரிப் பக்கம் போகிற ஓடையை வரைபடத்தில் வெறும் "காலி இடம்" என்று காட்டியிருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். ஓடைப் புறம்போக்கு (அரசுக்குச் சொந்தமான ஓடை நிலம்) என்றிருந்தால் அதன்மேல் மனை வரக்கூடாது.

சாலை அகலத்தை மனைப்பிரிவு வாசலில் அளந்து 30 அடி என்று எழுதியிருக்கிறார்கள். பிரதான சாலையிலிருந்து வரும் வழியில் உள்ள சிறுபாலம் 14 அடிதான். டேப்பை எடுத்துக்கொண்டு வழியில் மிகக் குறுகலான இடத்தை அளந்து பாருங்கள், அதுதான் உண்மையான அகலம். மின்சாரத்துக்கு, எந்த டிரான்ஸ்ஃபார்மர், எத்தனை கேவிஏ (அதன் திறன்), இப்போது எவ்வளவு பளு என்று எழுத்தில் கேளுங்கள்.

நிலப் பயன்பாடு மாறியது என்றால் அரசிதழில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். "பைல் போயாச்சு" என்பது அனுமதி இல்லை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் இந்த அளவு மனைப்பிரிவுக்கு விளம்பரமும் முன்பதிவும் செய்யவே கூடாது. பதிவு இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? விளம்பர நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த அறிக்கை எதையும் அழிக்காதீர்கள். பொய்யான விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்கு ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு பணத்தையும் இழப்பீட்டையும் கேட்க வழி தருகிறது.

இன்னும் பணம் கட்டவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் இப்படிக் கேளுங்கள்: "இந்தப் பகுதிக்குத் தண்ணீர் தரும் தொட்டியின் கொள்ளளவு, அன்றாடம் ஏற்றும் அளவு, தற்போதைய இணைப்புகள், அனுமதி பெற்றும் இணைப்புப் பெறாத மனைகள்." பதில் வரும்வரை முன்பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.