ஃபுல் ஸ்டாக் இணையவழிப் பாடங்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

2022 ஜூனில் நான் ஃபுல் ஸ்டாக், அதாவது இணையச் செயலியின் திரைப்பகுதி (ஃபிரண்ட்எண்ட்), சர்வர் பகுதி (பேக்எண்ட்) இரண்டையும் எழுதுவது, படிக்கத் தொடங்கியபோது, கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் படித்தவனின் அனுபவம் இது என்பதை மனத்தில் கொண்டு வாசிக்கவும்.

முதலில் வாங்கியது தள்ளுபடியில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்த ஒரு காணொளிப் பாடம். தலைப்பில் அந்த ஆண்டின் எண் இருந்தது. உள்ளே இருந்த காணொளிகளோ பல ஆண்டுகள் பழையவை. ரியாக்ட் என்பது ஃபிரண்ட்எண்ட் எழுத உதவும் நிரல் தொகுப்பு; அதில் பக்கங்களுக்கு இடையே மாற உதவும் ரியாக்ட் ரவுட்டரில் ஆசிரியர் 'ஸ்விட்ச்' என்று எழுதியதை நானும் அப்படியே எழுதினேன், திரை வெறுமையாக நின்றது. 2021 நவம்பரில் வந்த ஆறாம் பதிப்பிலேயே அது 'ரவுட்ஸ்' என்று மாறிவிட்டதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. கேள்வி-பதில் பகுதியில் கிடைத்த ஒரே ஆலோசனை, பழைய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள் என்பதுதான். பேக்எண்டை எட்டியபோது 2023 பிறந்திருந்தது; மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தோடு பேச உதவும் மங்கூஸின் ஏழாம் பதிப்பு அந்த ஆண்டு வெளிவந்தது; அது கால்பேக் முறையை (வேலை முடிந்ததும் அழைக்க ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவைப்பது) கைவிட்டதால், பாடத்தின் பாதி நிரல் ஓட மறுத்தது. அறுபது மணி நேரக் காணொளியை முடித்த பின்னும், வெற்றுக் கோப்பைத் திறந்தால் முதல் வரியாக எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை என்பதே அதைவிடப் பெரிய ஏமாற்றம்.

இதே காலத்தில் என்னுடன் வேலை பார்த்த ஒருவர், 'வேலை உறுதி' என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிறுவனத்தில் தவணை முறையில் சேர்ந்தார். தவணை என்று சொல்லப்பட்டது உண்மையில் அவர் பெயரில் எடுக்கப்பட்ட கடன். நான்காம் மாதம் படிப்பை நிறுத்திய பிறகும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டணத்தைவிட ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் 'ஃபுல் ஸ்டாக் ஓப்பன்'. கட்டணம் இல்லை, காணொளியும் இல்லை. முழுவதும் வாசிப்பும் பயிற்சிகளும்தான். நிரல் ஓரளவு எழுதத் தெரிந்தவர்களுக்கானது என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படையை வேறெங்காவது முடித்துவிட்டு வருவது நல்லது. தொடக்கப் பகுதியிலேயே, ஒரு படிவத்தில் குறிப்பை எழுதிச் சேமித்தால் உலாவிக்கும் சர்வருக்கும் இடையே என்னென்ன கோரிக்கைகள் எந்த வரிசையில் போய்வருகின்றன என்று படமாக வரையச் சொல்கிறார்கள். காணொளி பார்த்த மாதங்களில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

இரண்டாம் பகுதியில் ஒரு தொலைபேசிக் கையேட்டின் ஃபிரண்ட்எண்டை எழுதுகிறோம். மூன்றாம் பகுதியில் அதற்கு நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுவது), எக்ஸ்பிரஸ் (அதில் சர்வர் எழுத உதவுவது) கொண்டு பேக்எண்ட் எழுதி, இணையத்தில் ஏற்றி, மாங்கோடிபியுடன் இணைக்கிறோம். ஒரே செயலி வளர்ந்துகொண்டே போவதால், கார்ஸ் பிழை (வேறு முகவரியிலுள்ள சர்வரின் பதிலை உலாவி தடுப்பது) வந்தபோது அது ஏன் வருகிறது என்பதும் எனக்குப் புரிந்தது. எண்ணின் வடிவத்தைச் சரிபார்க்கும் பயிற்சியில் சிறுகோட்டுக்கு முன் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள்தான் இருக்கலாம். பின்லாந்துக்குச் சரி, நம் ஊர் 0422 அதில் தேறாது! ஒரு பகுதியின் பயிற்சிகளைச் சமர்ப்பித்த பிறகே மாதிரி விடைகள் திறக்கும், சமர்ப்பித்த பின் அந்தப் பகுதியில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. இந்தக் கண்டிப்பு முதலில் எரிச்சலூட்டியது. ஆனால் விடை கண்முன் இல்லாத இடத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆங்கில வாசிப்பு தடையாக இருந்த இடங்களில், ப்ராமிஸ், குளோஷர் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருத்துகளுக்கு யூடியூபில் உள்ள தமிழ் விளக்கங்களைத் தேடிப் பார்த்துவிட்டு மீண்டும் பாடத்துக்கு வந்தேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படையிலிருந்து தொடங்க விரும்புவோருக்கு, இலவசமாகவே கிடைக்கும் 'தி ஓடின் ப்ராஜெக்ட்' ஏற்றது.

இப்போது யாராவது ஒரு பாடத்தைக் காட்டிக் கேட்டால், முதலில் அதன் வயதைப் பார்க்கிறேன். 2019இல் ஹூக்ஸ் (ரியாக்டைச் சாதாரண ஃபங்ஷன்களாலேயே எழுத உதவும் வசதி) வந்த பின்னும் ரியாக்டைப் பழைய கிளாஸ் முறை வழியாகவே கற்பிக்கிறதா, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற தொடக்கக் கருவி கொண்டு தொடங்குகிறதா, 2022 நவம்பரில் முடிவுக்கு வந்த ஹெரோகு என்ற, செயலிகளை இணையத்தில் ஏற்றும் சேவையின் இலவசத் திட்டத்தில் செயலியை ஏற்றச் சொல்கிறதா என்ற மூன்றையும் பாடத்திட்டத்தைப் புரட்டியே பெரும்பாலும் அறிந்துவிடலாம். அதன் பிறகு, விடையைக் காட்டாமல் விடும் பயிற்சிகள் எத்தனை என்று எண்ணுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்துக்காக, டீலர்களின் நிலுவையைப் பார்க்கும் ஒரு சிறு செயலியை எழுதினேன். முதல் வாரத்திலேயே இருவர் ஒரே காசோலையைப் பதிவு செய்ததில் வரவு இரட்டித்தது. அதற்காகவே ஃபுல் ஸ்டாக் ஓப்பனின் பதின்மூன்றாம் பகுதிக்குப் போய் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் படித்தேன். தரவுத்தளத்தை மாற்றி, காசோலை எண்ணோடு வங்கியின் பெயரையும் சேர்த்து அந்த இணை இரண்டாம் முறை பதிவாகாதபடி கட்டுப்பாடு வைத்தேன். எண்ணை மட்டும் வைத்திருந்தால் போதாது. இரண்டு வங்கிகளின் காசோலைகளுக்கு ஒரே எண் வரக்கூடும் என்பது கணக்குப் பிரிவில் இருந்ததால் எனக்கு முன்பே தெரியும்.