1944 செவர்லே ராணுவ லாரி: பெங்களூர்ப் பட்டறை ஒன்றின் வேலை எப்படி?

பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் பட்டறைகளுக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ லாரி ஒன்றை, அதன் சொந்த இஞ்சினை மாற்றாமல், சாலையில் நம்பி ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மைசூர் சாலையிலிருந்து பேட்டராயனபுரத்துக்குள் திரும்பினால், லேத் கடைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் நடுவே இயங்கும் ஒரு பட்டறை அத்தகையது என்பதை, என் லாரியை அங்கே ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற பிறகு, தயக்கமின்றிச் சொல்வேன். கையில் இருக்கும் வண்டிகளுக்கே இடம் போதவில்லை என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் மேஸ்திரி கேட்டுக்கொண்டார். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ‘ஒயிட் மெட்டல் ஊற்றும் தமிழ் மேஸ்திரி’ என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

வண்டி, கனடாவின் ஆஷாவா நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பிறந்த செவர்லே சி15ஏ. நான்கு சக்கரங்களும் இழுக்கும் முக்கால் டன் லாரி. காமன்வெல்த் படைகளுக்காக, இவ்வகை சேர்ந்த ‘கனடிய ராணுவ வார்ப்பு’ (சிஎம்பி) என்ற பொது வடிவமைப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைக் கனடா செய்து அனுப்பியது. போர் முடிந்தபின் ‘டிஸ்போசல் லாரி’ என்ற பெயரில் அவை நம் ஊர்களின் மர டிப்போக்களிலும் தோட்டங்களிலும் பல்லாண்டுகள் உழைத்தன. என்னுடையது சிக்கமகளூருப் பக்கத்துக் காபித் தோட்டம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் துருத்தியும் கீழ்விளிம்பு உள்வாங்கியும் இருப்பது இதன் தனி அடையாளம். வெயில் பட்டு மின்னும் ஒளி வானத்து விமானத்துக்குத் தெரியாமல் தரையை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இந்தப் பட்டறையை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், மற்ற இடங்களில் கிடைத்த பதில்தான். வண்டியைப் பார்த்ததும் டீசல் இஞ்சின் பொருத்திவிடலாம் என்றே எல்லோரும் சொன்னார்கள். அது புதிய யோசனையும் அல்ல: 1950களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 இஞ்சினைத் தயாரிக்கத் தொடங்கியதும், பெட்ரோல் செலவுக்கு அஞ்சிய லாரி முதலாளிகள் பலர் அப்படித்தான் செய்தார்கள். பிழைப்புக்கு ஓடிய வண்டிக்கு அது சரி. இன்று அப்படிச் செய்தால் வண்டியின் பதிவே சிக்கலாகிவிடும். 2021 ஜூலையில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டு கடந்த வண்டியின் சேசிஸ், கூடு, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருந்தால்தான் ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் எண் தருகிறது. பத்தாண்டுக்கான புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். மேஸ்திரி இதையெல்லாம் எனக்கு முன்பே அறிந்திருந்தார். “இஞ்சின் நல்ல இரும்பு சார், இதைத் தூக்கிப் போட மனசு வராது” என்று சொல்லிவிட்டே மூடியைக் கழற்றினார்.

அந்த இஞ்சின், 216 கன அங்குலம் கொண்ட ஆறு சிலிண்டர் செவர்லே. ஏறத்தாழ மூன்றரை லிட்டர், 85 குதிரைத்திறன். இன்றைய மெக்கானிக்குகளை இது தடுமாற வைப்பதற்குக் காரணம், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது என்பதே. ஒயிட் மெட்டல் என்னும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி ராடிலேயே ஊற்றி, கடைந்து, சுரண்டிச் சேர்க்க வேண்டும். பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, ராடின் உட்புறத்தில் ஈயம் பூசி, பதமான சூட்டில் ஊற்றிய பிறகு, கிராங்கில் நீல மை தடவி ராடைப் பூட்டிச் சுழற்றி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் எடுத்தார்கள். மை பரவலாகப் படியும் வரை அந்த வேலை ராடு ராடாக நடந்தது. அவசரப்படுத்தினால் கெட்டுவிடும் வேலை இது, அவசரப்படாமல் செய்தார்கள்.

எண்ணெய் போகும் வழியும் இதில் வேறு. ராடுகளுக்கு அழுத்தத்தில் எண்ணெய் வருவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு சிறு அகப்பை இருக்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது அது கீழேயுள்ள தொட்டியில் முங்கி எண்ணெயை அள்ளுகிறது, வேகம் கூடும்போது எண்ணெய்த் தட்டிலுள்ள ஆறு குழல்கள் அகப்பையைக் குறிபார்த்து எண்ணெயைப் பீய்ச்சுகின்றன. குழல் சற்றே கோணினாலும் அந்த ராடு வறண்டு எரிந்துவிடும். மேஸ்திரி தட்டை மேசையில் வைத்து, எண்ணெய்க் குழாயில் தண்ணீர்க் குழாயைச் செருகித் திறந்தார். ஆறு மெல்லிய தாரைகள் எழுந்தன. நான்காவது மட்டும், குறி சரியா என்று பார்க்கத் தட்டின்மேல் வைத்த அளவுகோலின் துளைக்குள் நுழையாமல் அதன் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. ஒரு கம்பியைக் குழலில் நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு வளைத்து, மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே தட்டை எடுத்து வைத்தார். இந்தச் சோதனையைச் செய்யாமலே இஞ்சினை மூடிவிடும் பட்டறைகள்தான் அதிகம் என்பதால், இதை இந்தப் பட்டறையின் மிகப் பெரிய தகுதியாக எழுதுகிறேன். ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைச் சுற்றியே நிற்கிறது. இந்த இஞ்சினுக்கு அதுவே இயல்பு, பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பிரேக் வேலை இஞ்சினுக்கு முன்பே முடிந்துவிட்டது. “முதல்ல நிக்கணும் சார், அப்புறந்தான் ஓடணும்” என்பது அவர் வைத்திருக்கும் வரிசை. ஒரே சுற்று ஹைட்ராலிக் பிரேக் என்பதால் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிடிப்பு போய்விடும். எனவே வீல் சிலிண்டர்கள் அனைத்துக்கும் உள்ளே ஸ்லீவ் (புது உட்குழல்) போட்டு, குழாய்களை முழுவதும் மாற்றினார்கள். சக்கரங்கள் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்த வகை. காற்று நிறைந்திருக்கும்போது, சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும் நட்டுக்குப் பதிலாக இந்த இணைப்பு நட்டைக் கழற்றியவர் உயிர் பிழைப்பது அரிது. இணைப்பு நட்டுகள் அனைத்துக்கும் சிவப்பு வண்ணம் பூசி, சாலையோரப் பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கொடுக்கக் கூடாது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது எங்கும் கிடைப்பதால், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றியதும் அவர்கள் யோசனையே.

வண்ணத்தில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மோட்டார் வாகன விதி 121, ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியுள்ளது. நான் தேர்ந்தெடுத்தது கரும்பழுப்பு. பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1942 முதல் 1944 வரை பிரிட்டிஷ் படை வண்டிகளுக்கு அடித்த நிறம் அது. சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் பொருந்தியது.

குறையும் இங்கேதான். பெயிண்டை இந்தப் பட்டறை வெளியாளிடம் விடுகிறது. மங்கலாக இருக்க வேண்டிய வண்ணம் பளபளவென்று வந்தது. அதைவிட மோசமாக, டேஷ்போர்டில் ரிவெட் அடித்த தகவல் தகட்டின் மீதும் பூசிவிட்டார்கள். பதிவுக்கான ஆய்வின்போது அதிகாரிகள் தேடிப் பார்க்கக்கூடிய தகடு அது. சுரண்டாமல் கரைப்பான் தொட்டுத் துடைத்து எழுத்துகளை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. ஒயரிங்கும் சுமார்தான்: ஃபியூஸ் பெட்டி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, ஒயர்களில் அடையாளச் சீட்டு இல்லை. கணக்கு துண்டுச் சீட்டுகளில் நடக்கிறது, சொன்ன தேதிக்கு எதுவும் முடிவதில்லை. நேர்மையில் மட்டும் குறை காண முடியாது; கழற்றிய பழைய பாகங்கள் ஒவ்வொன்றும் சாக்கில் கட்டப்பட்டு என்னிடம் திரும்பி வந்தன.

பிடதி வரை அதிகாலையில் ஓட்டிப் பார்த்தேன். கியர்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் இல்லாத நான்கு கியர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்ச்சை இருமுறை மிதிக்க வேண்டும், இஞ்சின் பக்கத்திலேயே இருப்பதால் கால் வேகிறது. ஆனாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை, பிரேக் ஒரு பக்கமாக இழுக்கவில்லை. சில்க் போர்டு நெரிசலுக்குள் மட்டும் இதைக் கொண்டுபோக மாட்டேன். விண்டேஜ் எண் கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் அனுமதி என்பதால் அதற்கான தேவையும் வராது. ஸ்பீடோமீட்டர் கேபிளும் தார்ப்பாய்க் கம்பிகளும் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவற்றை இதே மேஸ்திரியிடமே விடுகிறேன், ஒயரிங்கையும் மறுபூச்சையும் மட்டும் வேறு ஆளிடம் கொடுக்கப்போகிறேன்.