டேக்கைக் கொல்வதா, கிழிப்பதா?

புதுச் சட்டையின் விலை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்ளே வளைந்து நெளிந்து ஒரு கோடு ஓடினால் அது ஆர்எஃப்ஐடி டேக்கின், அதாவது ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சீட்டின், ஆன்டெனா. நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி, அதுதான் சிப். பேட்டரி கிடையாது. ரீடர் என்ற படிக்கும் கருவி அனுப்பும் அலையிலேயே உயிர் பெற்று, சில மீட்டர் தள்ளி இருந்தாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும். பார்கோடு 'இந்த ரகச் சட்டை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும்; இது 'இந்த ஒரு சட்டை' என்றே சொல்லும். கேட்பது யார் என்று விசாரிக்காது, பில் போட்ட பிறகும் வாய் மூடாது. அதை வைத்து நம்மையே பின்தொடரலாம். மூட வைக்க என்னென்ன வழிகள்?

டேக்கைக் கொல்லும் 'கில்' கட்டளை, 2004இல் வந்த இபிசி ஜென்2 என்ற டேக் தரத்திலேயே இருக்கிறது. 32 பிட் பாஸ்வேர்டைக் கொடுத்தால் டேக் நிரந்தரமாகச் செத்துவிடும். பாஸ்வேர்டு பூஜ்ஜியமாகவே விடப்பட்டிருந்தால் கட்டளையை அது கண்டுகொள்ளாது. செத்ததா இல்லையா என்று பார்க்க நம் கையில் ரீடரா இருக்கிறது? கவுன்ட்டரில் 'கொன்னாச்சு சார்' என்றால் நம்ப வேண்டியதுதான். சட்டையை மாற்றப் போனால் கடைக்கும் அந்த டேக் உதவாது.

ஆர்எஸ்ஏ என்ற பிரபல ரகசியக்குறியீட்டு முறையின் பெயரில் 'ஆர்' ஆன ரிவெஸ்ட்டும், ஆரி ஜூல்ஸ், மைக்கேல் சிட்லோவும் 2003இல் முன்வைத்த பிளாக்கர் டேக் குறும்பானது. பல டேக்குகள் சேர்ந்திருந்தால் சில ரீடர்கள் 'அடுத்த பிட் 0-வா, 1-ஆ?' என்று கேட்டுக் கேட்டுப் பிரிக்கும். பிளாக்கர் எல்லாவற்றுக்கும் இரண்டு பதிலையும் சேர்த்தே சொல்லும். இல்லாத எண்களைத் தேடி ரீடர் அலைய வேண்டியதுதான். படித்தபோது சிரித்துவிட்டேன். ஆனால் பிளாக்கர் பையில் இருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது பை வீட்டில் கிடக்கும்.

ஹாஷ் என்ற கணக்கு முறையால் டேக்கைப் பூட்டும் 'ஹாஷ் பூட்டு' உண்மையான எண்ணை மறைக்கும், பதிலுக்கு எப்போதும் ஒரே புனைபெயரைச் சொல்லும். பின்தொடர்பவனுக்கு அது போதாதா? 2013இல் வந்த ஜென்2வி2 தரம் (ஜென்2-வின் இரண்டாம் பதிப்பு) எண்ணை மறைக்கவும் படிக்கும் தூரத்தைக் குறைக்கவும் வழி தருகிறது; ஆனால் அது கட்டாயமில்லை.

ஐபிஎம் ஆய்வாளர்கள் 2005இல் சொன்ன வழிதான் எனக்குப் பிடித்தது. தபால்தலை ஓரம்போல டேக்கில் துளை வரிசை இருக்கும். பில் போட்டதும் ஆன்டெனாவை நாமே கிழித்துவிடலாம். சிப் சாகாது, ரீடரை ஒட்டிப் பிடித்தால் எண் வரும். மாற்றுவதற்கு அது போதும். தூரத்திலிருந்து கேட்க முடியாது. கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும், பாஸ்வேர்டும் வேண்டாம், கடைக்காரர் வாய்ச்சொல்லும் வேண்டாம்.

தையலுக்குள் வைத்துத் தைத்த டேக்குக்கு மட்டும் கத்தரிக்கோல்தான்.